மூன்றாவது விசிலுக்குப் பிறகு

சுற்றுகிறது. இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில் ஆள் உயரத்துக்கு ஒரு வட்டம், அரிசி போடாமல் ஓடவிட்ட கிரைண்டர் மாதிரி. போனில் தெரிவதைத் துணியில் பெரிதாக்கிக் காட்ட ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார்கள். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் அது இந்த வட்டத்தைக் காட்டுகிறது, எங்கள் அபார்ட்மெண்ட்டின் அத்தனை குடும்பமும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தரிசனம் பண்ணிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் தின விழா. மொட்டை மாடியில் நடந்திருக்க வேண்டியது. நவம்பர் மாதம் மழை பெய்யும் என்று திருச்சியில் யாரும் எதிர்பார்க்கவில்லை போல. பந்தல் துணி தண்ணீர் கோத்துத் தொப்பை போட்டுத் தொங்கியதும் செயலாளர் தணிகாசலம் சார் குடையும் கையுமாக நின்று அறிவித்தார், எல்லாம் பேஸ்மெண்ட்டுக்கு. கார்களை வெளியே எடுத்தார்கள், எண்ணெய்க் கறைமேல் மணல் தூவினார்கள், சீரியல் பல்பு கட்டினார்கள், பீரோ மாதிரி இரண்டு ஸ்பீக்கரை ஆள் பிடித்து இறக்கினார்கள். எல்லாம் இறங்கி வந்தது, சிக்னல் மட்டும் வரவில்லை. இங்கே காரை நிறுத்திவிட்டு, பால் வாங்கணுமா என்று பெண்டாட்டிக்குப் போன் போட்டுப் பார்த்த எந்த ஆம்பளைக்கும் தெரியும், இந்த பேஸ்மெண்ட்டில் போனுக்கு உயிர் கிடையாது. எனக்கும் தெரியும். சொல்லவில்லை. போன வாரம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இதுவரை நடந்தது பேச்சுப் போட்டியும் மாறுவேடமும். பாட்டோடு மேடையேறிய முதல் ஆள் ரூத். ஏழு வயது. இடது கை இடுப்பில், வலது கை தலைக்கு மேலே வளைந்து, வலது கால் விரல்நுனி முன்னால் ஊன்றி, நான் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடையில் நிற்கிறாள். அசையவில்லை. அசைய மாட்டாள். பாட்டு வருகிற வரைக்கும் அசையக்கூடாது, கொசு கடித்தாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

எனக்குக் காத்திருக்க வராது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்பதற்குள் பாதிக் கீரையை ஆய்ந்துவிடுவேன். இந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளங்கால் அரிக்கிறது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் போன், போனுக்குள் அந்தப் பாட்டு. எங்கேயிருந்தும் வரவேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது. எழுதி ஒட்டிய டப்பா அலமாரியில் இருப்பதுபோல இருக்கிறது. கதவைத் திறந்தால் கைக்கு வரும். என் போனில் எல்லாமே அப்படித்தான். விடிகாலைக்கு ஒரு ஃபோல்டர், அடுப்படிக்கு ஒன்று, இஸ்திரி போடும்போது கேட்க ஒன்று, பஸ் பயணத்துக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று. அப்பா வீட்டு கேசட்டுகளை எவனோ ஒரு கடைக்காரன் சிடியில் மாற்றிக் கொடுத்ததை, பிறகு அந்த சிடியைக் கம்ப்யூட்டரில், பிறகு கம்ப்யூட்டரில் இருந்து மெமரி கார்டில், வீடு மாறும்போது ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவள் மாதிரி கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் போட்டேன், கான்வென்ட் ஸ்பெல்லிங், ஒரு பிழை இருக்காது. முன்னால் இருக்கிற இரைச்சலையும் பின்னால் இருக்கிற கைதட்டலையும் வெட்டித் தள்ளிவிடுவேன், கத்தரிக்காய்க்குக் காம்பு நறுக்குகிற மாதிரி. என் மகன் அஷ்வத் பெங்களூரில் இருந்து வரும்போதெல்லாம் சிரிப்பான், யாரும்மா இப்ப டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிறாங்க, எல்லாம்தான் மேலே இருக்கே என்று. மேலே யார் வீட்டில்? அவன் பாட்டு ஆப்பின் குடும்பக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டான். ஒரு மாதம் கேட்டேன். நான் ஒன்று போட்டால் அது இன்னொன்றைப் போடுகிறது, உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம் என்று. எனக்கு என்ன பிடிக்கும் என்று சொல்ல நீ யார். ஒருநாள் நான் தினமும் கேட்கிற பாட்டையே காணோம். இந்தப் பாட்டு தற்போது கிடைக்காது என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. விருந்தாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்து இலையை எடுத்துக்கொண்டு போகிற வீட்டில் எனக்கென்ன வேலை என்று வந்துவிட்டேன். பிறந்தநாளுக்குப் புதுப் போன் வாங்கி அனுப்பினான், இயர்போன் சொருகுகிற ஓட்டையே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். காதில்லாத போன் எதற்கு. ஓட்டை உள்ளதாகத் தேடிப் பிடித்து வாங்கினேன், கடைக்காரப் பையன் என்னைப் பழைய பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் கேட்டு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். இப்போது இந்த பேஸ்மெண்ட்டில் எத்தனை பேர் போன் பாடும்? என்னுடையது பாடும். என்னுடையது மட்டும் பாடும்.

வந்துவிட்டது. இல்லை, விளம்பரம். முழங்கால் வலித் தைலம். வட்டம் மறைந்து, துணி நிறைய ஒரு பெரியவர் மாடிப்படியில் தவ்வித் தவ்வி ஏறுகிறார், சத்தம் தூணில் மோதித் திரும்புகிறது, ஒரு திக்கல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. பாட்டுக்கு வராத சிக்னல் தைலத்துக்கு எப்படி வருகிறதோ. பின்வரிசையில் யாரோ, ரூத்து அதுக்கே ஆடிடும்மா என்கிறார்கள், சிரிப்பு. ரூத் சிரிக்கவில்லை. அவள் கண் மட்டும் ஒருமுறை துணிப் பக்கம் போய்த் திரும்பியது. விளம்பரம் முடிந்தது. வட்டம். தணிகாசலம் சாரின் மருமகள் ஷர்மிளா, விழாவுக்குக் கலை நிகழ்ச்சிப் பொறுப்பு, போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கார் ஏறும் சரிவில் பாதி தூரம் போய் நிற்கிறாள், தீபாராதனை காட்டுகிற மாதிரி. நல்ல பெண்தான். நாக்கு மட்டும் தேனில் நனைத்த ஊசி. போன வாரம் அவள் வீட்டுக்குப் போய், ரூத் பாட்டு என் போனில் இருக்கிறது, அங்கே வந்து சொருகிவிடுகிறேன் என்றேன். ஐயோ ஆன்ட்டி, போன் பென் டிரைவ் எல்லாம் யாரு இப்ப, எல்லாருமே லிங்க்தான் அனுப்பியிருக்காங்க, ஒரே வரிசையா போட்டுடுவேன், நீங்க நிம்மதியா முன்னால உட்கார்ந்து பாருங்க என்றாள். அந்த நிம்மதியா என்ற வார்த்தை இன்னும் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. பேஸ்மெண்ட், மொட்டை மாடி, மழை எல்லாம் சொல்லி வாதாடினேன். மழை வராது ஆன்ட்டி என்றாள், அதுவும் லிங்க்கில் வருகிற மாதிரி. சரி என்று லிங்க்கை அனுப்பினேன். பொய் எதற்கு, எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல்தான். என் போனில் இருக்கிற பாட்டும் லிங்க்கில் இருக்கிற பாட்டும் ஒரே பாட்டு, ஆனால் ஒரே குரல் இல்லை. லிங்க்கில் இருப்பது யாரோ பெயர் தெரியாத நாலைந்து பெண்கள், பம்பை உறுமியோடு. என்னிடம் இருப்பதில் ஒரே ஒரு பெண். தாளத்துக்குக் கரண்டி.

கொசு. ரூத்தின் முழங்கைமேல் உட்கார்ந்திருக்கிறது, இங்கேயிருந்தே தெரிகிறது. ஊதக்கூட மாட்டேன் என்கிறாள். டோன்ட் ஃபிட்ஜெட், பிரபாவதி. கான்வென்ட்டில் சிஸ்டர் அனுன்ஸியாட்டா, நெளியாதே என்று எங்கள் வரிசைக்கு முன்னால் பிரம்பை வைத்துக்கொண்டு நடப்பார், வெள்ளை அங்கியில் நாப்தலின் வாசனை. பள்ளி ஆண்டு விழா, சேர்ந்திசை, நீல ரிப்பன். என் பக்கத்தில் வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். யாரது அடியில் தவில் வாசிப்பது என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் கோபம்: நீ உயரமாக இருக்கிறாய், கடைசி வரிசையில் நில், உதட்டை மட்டும் அசை, சத்தம் வேண்டாம். அசைத்தேன். ஏழாம் வகுப்பில் இருந்து பள்ளி முடிகிறவரை அசைத்தேன். எவ்வளவு அழகாக அசைப்பேன் என்றால் எங்கள் அம்மா விழா முடிந்து வந்து, உன் குரல்தான் எடுப்பாகக் கேட்டது என்றாள். அதற்கப்புறம் ஆள் இருக்கிற இடத்தில் நான் பாடியதில்லை. குழாய் ஓடும்போது, மிக்ஸி ஓடும்போது, அடுப்படிக் கதவு சாத்தியிருக்கும்போது. அவ்வளவுதான். அது ஒன்றும் சோகமில்லை. சில பேர் ஆள் இருக்கும்போது சாப்பிடமாட்டார்கள், அந்த மாதிரி.

ரூத்தின் பாவாடைக் கரை லேசாக ஆடுகிறது, மின்விசிறியா காலா தெரியவில்லை. எஸ்தர் இருந்திருந்தால் இந்நேரம் மேடையேறித் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். எஸ்தர் ரூத்தின் அம்மா, எங்கள் எதிர் ஃப்ளாட், நர்ஸ். இன்றைக்குப் பகல் டூட்டியை மாற்றித் தர யாரும் கிடைக்கவில்லை. அக்கா நீங்க இருக்கீங்கல்ல என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளி விட்டதும் ரூத் என் வீட்டுக்குத்தான் வருவாள், எஸ்தர் வருகிறவரை என் அடுப்படி மேடையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள், நான் கேட்காத கேள்வியெல்லாம் கேட்பாள். விழாவில் சேர்க்க வைத்தது நான். கும்மி என்று முடிவு செய்தது நான். லிங்க் பாட்டைப் போட்டால் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, அத்தனை வேகம், பெரியவர்கள் பாட்டு. ஆன்ட்டி மெதுவாப் போடுங்க என்றாள். மெதுவாகப் போட்டால் அந்தப் பெண்கள் எல்லாம் ஆம்பளையாகிவிட்டார்கள், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான், அடுப்பில் பருப்பு இருந்தது, வேறு யாரும் இல்லை, ஏழு வயதுப் பிள்ளை ஆளா என்ன, போனை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுப் பாடினேன். ஏரி நிறைஞ்சது பாருங்கடி, எங்க ஊரு சிரிச்சது பாருங்கடி. கரண்டியால் மேடைக்கல்லில் தாளம். அவள் ஆடப் பார்த்துப் பார்த்து, அவள் காலுக்கு ஏற்ற மாதிரி இழுத்துப் பாடினேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பாட எனக்குத் தைரியம் வந்திருக்காது. அந்த ஒரே பதிவை வைத்துக்கொண்டுதான் தினமும் ஆடினாள். நான் முன்னையும் பின்னையும் வெட்டி வைக்கிறவள், இதை மட்டும் வெட்டவில்லை. முன்னால் ஒரு துண்டு இருக்கிறது, இருடி அடுப்பைக் குறைச்சிட்டு வரேன் என்று. அது போகட்டும். கடைசியில் ஒரு துண்டு இருக்கிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

பாட்டு. இந்தத் தடவை பாட்டேதான். பம்பை இடித்துக்கொண்டு வருகிறது, ஏரி நிறைஞ்சது என்று நாலு பெண்கள் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறார்கள், ரூத் குதித்தாள், கையைத் தட்டினாள், ஆனால் அவள் ஒரு தட்டுத் தட்டுவதற்குள் பாட்டு இரண்டு தட்டுத் தள்ளிப் போய்விட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி ஓடுகிறாள், பிடித்துவிட்டாள், விட்டுவிட்டாள், குனிந்து நிமிர்கிறாள், கண் சுழல்கிறது, எதையோ தேடுகிறாள், காதால் தேடுகிறாள், ஐயோ. ஐயோ, விசில். முதல் விசிலுக்குத் திரும்புவாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே பிடித்துக்கொண்டாள். ஆன்ட்டி, விசில் வந்தா திரும்பணும், ரெண்டாவது விசில் வந்தா உட்கார்ந்து எந்திரிக்கணும், மூணாவது வந்தா முடிஞ்சுது. நான் சிரித்தேன், என் சாம்பார்ப் பருப்பு உனக்கு நட்டுவாங்கம் போடுகிறதா என்று. சிரித்துவிட்டு மறந்துபோனேன். இத்தனை படித்தவள், ஃபைலுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவள், உலகத்தில் எந்தப் பாட்டிலும் குக்கர் விசில் இருக்காது என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல மறந்துபோனேன். எங்களைப் பார்த்தபடியே ஆடுகிறாள். திரும்பவேண்டிய இடம் தாண்டிவிட்டது. பாட்டு கத்தரித்த மாதிரி நின்றது. வட்டம். ரூத் ஒரு கால் தூக்கியபடி நின்றாள், பிறகு காலைக் கீழே வைத்தாள், பிறகு, யாரும் சொல்லாமல், இடது கை இடுப்பு, வலது கை தலைக்கு மேலே, விரல்நுனி முன்னே. முதலில் இருந்து. என்ன பிள்ளை இது. என்ன பிள்ளை. எனக்கு மார்பு விரிகிறது. இந்தப் பெண்ணை நான் தயார் செய்தேன் என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போலவும், நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளவேண்டும் போலவும் இருக்கிறது. அவள் கண் கூட்டத்தில் வரிசை வரிசையாக நகர்கிறது. என்னைத் தேடுகிறாள். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியமாட்டேன். கோபித்துக்கொண்டு வந்து தூண் ஓரம் உட்கார்ந்தவள் யாருக்குத் தெரிவாள்.

ஷர்மிளா சரிவில் இருந்து இறங்கி வந்து மைக்கை எடுக்கிறாள். ஃப்ரெண்ட்ஸ், சின்ன டெக்னிக்கல் இஷ்யூ, நம்ம ரூத்துக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுத்துட்டு அடுத்தது பரிசளிப்புக்குப் போயிடலாம். கைதட்டல். அது ஒன்று, இறங்கிப் போ என்பதற்கு மரியாதையான சத்தம். ரூத் இறங்கவில்லை. கைதட்டல் பாட்டு இல்லையே. செல்லம் வாடா, போதும்டா என்கிறாள் ஷர்மிளா. ரூத் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த உதடு விட்டால் அழுகை. பிடிவாதம் பார் என்று எனக்கு முன்வரிசைப் பெண் சொல்கிறாள். பிடிவாதம் இல்லை அம்மா, அது என் வார்த்தை. என் வார்த்தையை நம்பி நிற்கிறது. முதல் வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், இவர்தான் சங்கப் பொருளாளர், பக்கத்து நாற்காலியில் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருக்கிறார், நான் போகவில்லை. பின்னந்தலை மட்டும் தெரிகிறது. வழுக்கையில் சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக விழுகிறது. இவர் கேட்டுவிடுவார். அதுதானே. ஊர் கேட்டால் கேட்கட்டும், ஷர்மிளா கேட்டால் நல்லது, இவர் கேட்டுவிடுவார். பெண் பார்க்க வந்தபோது இவர் அம்மா கேட்டார், ஒரு பாட்டுப் பாடேன் என்று. எனக்குப் பாட வராது என்றேன். பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னேன், நேராகப் பார்த்து. அக்காமாரெல்லாம் ஜன்னல் பக்கம் பதறினார்கள். இவர் மட்டும், பரவாயில்லை, எனக்குக் கேட்கத்தான் தெரியும் என்றார். அதற்காகத்தான் சம்மதித்தேன் என்று இன்றுவரை இவருக்குத் தெரியாது. அத்தை இருந்தவரை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார், எங்க மருமகளுக்கு எல்லாம் வரும், பாட்டு மட்டும் வராது. அதை நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டே குழம்புக்குத் தாளிப்பேன். இப்படியே ஒரு பெரிய பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. இனிமேல் போய், எனக்குப் பாட வரும் என்று எப்படிச் சொல்வது. வீட்டுக்குள் ஒளித்து வைத்த ஆளை வெளியே கூட்டி வருகிற மாதிரி.

அந்தக் கடைசித் துண்டு. சரி, நினைத்துத் தொலைக்கிறேன். மூன்றாவது விசில் அடித்து, பாட்டை முடித்து, அடுப்பை அணைத்த சத்தம் இருக்கும். பிறகு செருப்பு உரசுகிற சத்தம், இவர் நடை. யாரு பாடுறது, குரல் நல்லாருக்கே என்கிறார். நான் உடனே, நெட்டுல ஏதோ வந்துச்சு என்கிறேன். இன்னொரு தடவை போடேன் என்கிறார். போயிடுச்சு, தேங்காயை உடைச்சுத் தாங்க என்கிறேன். அதோடு முடிகிறது. ஸ்ட்ரீமிங்கைத் திட்டித் திட்டியே பெயரெடுத்தவள், என் சொந்தக் குரலை நெட்டில் வந்து போனது என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் துண்டை வெட்டக் கத்தரியை எத்தனையோ தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும், எங்கே வெட்டவேண்டும் என்று பார்ப்பதற்காகக் கேட்பேன். குரல் நல்லாருக்கே. கேட்டுவிட்டு மூடி வைப்பேன். இஸ்திரி போடும்போது கேட்பேன். இவர் சட்டைக்கே இஸ்திரி போட்டுக்கொண்டு.

எழுந்துவிட்டேன். யார் எழுப்பினார்கள் தெரியவில்லை, கால் தானாக எழுந்து, கைப்பை தோளில் ஏறி, நாற்காலிகளை இடித்துக்கொண்டு போகிறேன். மன்னிக்கணும், கொஞ்சம் காலை மடக்குங்க, கொஞ்சம் நகருங்க, நகருங்க என்றால் நகரவேண்டும். தூணைத் தாண்டியதும் ரூத் பார்த்துவிட்டாள். அவள் கண்ணில், விளக்குக்கு எண்ணெய் விட்ட மாதிரி ஒரு வெளிச்சம். ஆனால் கை இறங்கவில்லை, கால் நகரவில்லை. சபாஷ்டி. ஸ்பீக்கர்க்காரப் பெரியவரிடம் அந்த மெல்லிசு வயரைக் கொடுங்கள் என்றேன். அவர் என் போனைத் திருப்பிப் பார்த்து, இதுல ஓட்டை இருக்கே என்று சந்தோஷப்பட்டார். ஷர்மிளா பக்கத்தில் வந்து குனிந்து, ஆன்ட்டி, இங்க எந்த நெட்வொர்க்கும் எடுக்கல என்றாள். எடுக்க வேண்டாம்மா, எடுத்துத்தான் வெச்சிருக்கேன் என்றேன். சொருகினேன். க்ளிக். முழங்கால் வலித் தைலம் இனி என்ன செய்யும். துணியில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, பாவம், அதை யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது விசில் அடித்ததும் நிறுத்திவிடவேண்டும். கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், விசில் அடித்து, கடைசித் தட்டு தட்டி, டக். அவ்வளவுதான். அதுவரைக்கும் யார் பாடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒருத்தி. போட்டேன்.

இருடி, அடுப்பைக் குறைச்சிட்டு வரேன். பேஸ்மெண்ட் முழுவதும் என் குரல், தூண் தூணாக மோதி. இதை மறந்தே போனேன். சிரிப்பு வெடிக்கிறது, பிரபா ஆன்ட்டி, பிரபா மேடம், அது நம்ம பிரபாக்கா இல்ல. போச்சு. யாரோ ஒருத்தி அவ்வளவு நேரம்தான் உயிரோடு இருந்தாள். கரண்டி கல்லில் தட்டுகிறது. ஏரி நிறைஞ்சது பாருங்கடி. இவ்வளவு பெரிதாக நான் என்னைக் கேட்டதே இல்லை. அடியில் தவில்தான், சிஸ்டர், நீங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் தவில் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாற்காலிக் கால் வழியாக ஏறுகிறது, மணல் அதிர்கிறது, முன்வரிசைக் குழந்தை ஒன்று காதைப் பொத்தாமல் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. ரூத் குதித்தாள். இது அவள் பாட்டு, அவள் காலுக்குத் தைத்த பாட்டு, ஒரு நூல் இறுக்கமில்லை, ஒரு நூல் தொளதொளப்பில்லை. தட்டுகிறாள், குனிகிறாள், நிமிர்கிறாள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. முதல் விசில். பெண்கள் அத்தனை பேரும் ஒரு நொடி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்கள், அவரவர் வீட்டு அடுப்பு ஞாபகம், அதற்குள் ரூத் திரும்பிவிட்டாள், பாவாடை குடையாக விரிந்து. ஓ என்று ஒரு சத்தம். புரிந்துவிட்டது அவர்களுக்கு. இரண்டாவது விசிலுக்கு எல்லோரும் காத்திருந்தார்கள். அடித்தது. ரூத் உட்கார்ந்து எழுந்தாள், பேஸ்மெண்ட் கைதட்டியது, இந்தத் தடவை இறங்கிப் போ என்கிற கைதட்டல் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், என் உதடு மூடியிருந்தது. இறுக்கி மூடியிருந்தது, ஒரு அசைவு இல்லை, குரல் மட்டும் எங்கும் போய்க்கொண்டிருந்தது. இவர் பின்னந்தலை அசையவில்லை. கேட்கத்தான் தெரியும் என்று சொன்ன ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது விசில். ரூத் கடைசித் தட்டுத் தட்டி, இரண்டு கையும் மேலே தூக்கி நின்றாள், பல் விழுந்த சிரிப்பு. கட்டைவிரல் தயாராக இருந்தது. பொத்தானுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அழுத்து. அழுத்து பிரபாவதி, டோன்ட் ஃபிட்ஜெட். விரலை எடுத்துவிட்டேன். எடுத்து, முந்தானையைச் சரி செய்துகொண்டேன், நிமிர்ந்து நின்றேன். அடுப்பு அணைகிற சத்தம். செருப்பு உரசல். யாரு பாடுறது, குரல் நல்லாருக்கே. முதல் வரிசையில் இவர் தோள் ஒருமுறை குலுங்கியது. தன் குரலை ஸ்பீக்கரில் கேட்டால் யாருக்கும் அப்படித்தான். நெட்டுல ஏதோ வந்துச்சு. இன்னொரு தடவை போடேன். போயிடுச்சு, தேங்காயை உடைச்சுத் தாங்க. முடிந்தது. ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே திரும்பி இவரைப் பார்த்தது. இவர் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தார். அன்றைக்கு பஜ்ஜித் தட்டுக்கு மேலாகப் பார்த்த அதே பார்வை இல்லை இது. முகவரி விசாரித்து விசாரித்துக் கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தவர் பார்வை. ஷர்மிளா மைக்கைப் பிடித்தபடி, ஆன்ட்டி லிங்க் அனுப்புங்க என்கிறாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. இவர் வாயைத் திறக்கிறார். இத்தனை பேர் நடுவில், சங்கப் பொருளாளர், கூட்டத்தில் கணக்கு வாசிக்கவே கூச்சப்படுகிற மனிதர்.

"இன்னொரு தடவை போடேன்."

ரூத் அதற்குள் இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்துவிட்டாள். என் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போட்டேன்.